முதலில் வேலையை எழுதுங்கள், பிறகு ஆளைத் தேடுங்கள்

கேள்வியின் சுருக்கம் இது. இருபது ஆண்டுகளுக்கு மேலான மாடி வீடு. மேலே உள்ள குளியலறையிலிருந்து கீழ் அறைக் கூரைக்கு நீர் கசிகிறது. குளியலறையைப் புதிதாகச் செய்ய வேண்டும். சமையலறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிடலாமா என்ற யோசனையும் இருக்கிறது. கடைசியாக வீடு முழுவதும் பெயிண்ட். மூன்று பேர் வந்து பார்த்துத் தொகை சொல்லியிருக்கிறார்கள். குறைந்த தொகை, அதிகத் தொகையில் பாதிதான். யாரை நம்பி ஒப்படைப்பது?

இப்போதைக்கு யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். அந்த மூன்று தொகைகளையும் ஒப்பிட முடியாது என்பதுதான் காரணம். ஒருவர் பழைய தரையைத் தளம் வரை உடைத்து எடுப்பதாகக் கணக்குப் போட்டிருப்பார். இன்னொருவர் பழைய டைல்ஸ் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டுவதாக நினைத்திருப்பார். ஒருவருக்குக் குழாய் மாற்றுவதும் வேலையில் சேர்த்தி, மற்றவருக்கு அது தனிக் கணக்கு. உடைத்த கல்லையும் மண்ணையும் யார் அப்புறப்படுத்துவது என்று மூவரிடமும் கேட்டுப் பாருங்கள், மூன்று பதில்கள் வரும். நீங்கள் "குளியலறையை மாற்ற வேண்டும்" என்று மட்டும் சொன்னீர்கள். அவரவர் மனத்தில் தோன்றிய குளியலறைக்கு அவரவர் விலை சொன்னார்கள். கட்டட வேலைகளை மேற்பார்வை பார்ப்பது என் தொழில். வீட்டுக்காரருக்கும் வேலைக்காரருக்கும் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை மோசடியால் வருவதில்லை. தொடக்கத்தில் பேசாமல் விட்ட ஒரு விஷயம்தான் பாதி வேலையில் சண்டையாக வெடிக்கிறது.

ஆகவே முதல் வேலை, என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்களே எழுதுவது. அதை எழுத, கசிவு எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம். டைல்ஸ் முழுவதையும் மாற்றிய பிறகும் கசிவு நிற்காத வீடுகள் உண்டு. அங்கெல்லாம் நீர் தரை வழியாக வந்திருக்காது, சுவருக்குள் இருந்த குழாயின் இணைப்பிலிருந்து வந்திருக்கும்.

இதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். குளியலறையை இரண்டு மூன்று நாட்கள் யாரும் பயன்படுத்த வேண்டாம், ஆனால் தண்ணீர் இணைப்பு திறந்தே இருக்கட்டும். அப்போதும் கீழே சொட்டு நிற்கவில்லை என்றால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயின் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். அந்தக் குளியலறைக்கு வரும் வால்வை மூடிப் பாருங்கள். சொட்டு குறைந்து நின்றால் சந்தேகம் உறுதி. பயன்படுத்தாதபோது நின்று, பயன்படுத்தும்போது மட்டும் கசிந்தால் கழிவுநீர்க் குழாயோ தரையோ காரணம். இந்த இரண்டையும் பிரித்தறிய, தரை நனையாதபடி வாளித் தண்ணீரை நேராக வடிகால் துளைக்குள் ஊற்றுங்கள். கசிந்தால் கோளாறு குழாயில். கசியாவிட்டால், இன்னொரு நாள் அந்தத் துளையைத் துணியாலும் பிளாஸ்டிக்காலும் இறுக அடைத்து, தரையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி ஒரு நாள் விடுங்கள். இப்போது கசிந்தால் கோளாறு தரையில். காங்கிரீட் தளத்தில் ஊறிய நீர் கீழே வந்து சேர நேரமாகும், ஊறியது காயவும் நாளாகும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் பொறுமை வேண்டும். கீழே உள்ள ஈரத் திட்டின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால், அது பரவுகிறதா சுருங்குகிறதா என்று ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: கீழ்க் கூரையில் மின்விளக்கோ மின்விசிறியோ ஈரத்தின் அருகில் இருந்தால், இந்தச் சோதனைகளுக்கு முன் அந்த இணைப்பை மின்பலகையில் துண்டித்துவிடுங்கள்.

அடுத்தது சுவர். அதைத் தட்டிப் பார்த்து, "இது சும்மா தடுப்புச் சுவர்தான்" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம், முப்பது ஆண்டு அனுபவம் உள்ள மேஸ்திரி சொன்னாலும்கூட. தூண்களும் உத்தரங்களும் கொண்ட கட்டடத்தில் நடுச் சுவர்கள் பெரும்பாலும் சுமை தாங்குவதில்லை. செங்கல் சுவர்களின் மேல் நேராகத் தளம் போட்ட வீட்டில் அவைதான் வீட்டையே தாங்குகின்றன. பழைய வீடுகளில் இரண்டு முறையும் கலந்திருக்கும். சுவரின் கனத்தை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, வரைபடம் இருந்தால் அதைக் காட்டி, எழுத்தில் கருத்து வாங்குங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம்தான் இந்த முழு வேலையிலும் மிகவும் பயனுள்ள செலவு. சுவரை இடித்து லாபம் பார்க்கப் போகிறவரிடம் அதை இடிக்கலாமா என்று கேட்பது முறையான கேள்வியே அல்ல. அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் அது அவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை. உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டுமா என்பதையும் அந்தப் பொறியாளரே சொல்லிவிடுவார். சுவரின் எந்த மூலையிலாவது படிக்கட்டுபோல இறங்கும் விரிசலோ, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலோ இருந்தால் அதையும் காட்டுங்கள். பூச்சில் மட்டும் மயிரிழைபோல ஓடும் கீறல்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இப்போது தாளை எடுங்கள். அறை அறையாக எழுதுங்கள். "குளியலறைக்கு டைல்ஸ் போடுதல்" என்பது வேலை விவரம் ஆகாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"தரையிலும் சுவரிலும் உள்ள பழைய டைல்ஸையும் அடிக் கலவையையும் காங்கிரீட் தளமும் செங்கல்லும் தெரியும் வரை எடுத்து, இடிபாடுகளை வெளியேற்றுதல். தண்ணீர்க் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையும் புதிதாகப் பதித்து, அவற்றுக்காகச் சுவரில் வெட்டிய காடியை மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை (குழாயில் தண்ணீரை அழுத்தத்தில் நிறுத்திக் கசிவு பார்ப்பது) செய்து காட்டுதல். குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடங்களைச் சுருங்காத கலவையால் அடைத்தல். தளம் முழுவதும், சுவரில் ஓர் அடி உயரம் வரையிலும், குளிக்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு மேலும் நீர்த்தடுப்புப் பூச்சு, உற்பத்தியாளர் எத்தனை முறை பூசச் சொன்னாரோ அத்தனை முறை. வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிச் சோதனை. கசிவில்லை என்று இருவரும் பார்த்த பிறகே டைல்ஸ். வடிகாலை நோக்கி மீட்டருக்குக் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் வாட்டம் (சரிவு). சுவரும் தரையும் சேரும் மூலைகளில் சிமெண்ட் அடைப்புக்குப் பதிலாகச் சிலிக்கோன் அடைப்பு."

இதை எழுதப் பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதலாம். தொகை சொன்ன மூவரில் நன்றாகப் பேசியவரிடமே, "நீங்கள் படிப்படியாக எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டால் பாதி விவரம் கிடைத்துவிடும். டைல்ஸும் அதன் இடுக்கில் போடும் அடைப்பும் நீரைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அவை முழுமையாகத் தடுப்பதில்லை, மேலோட்டமாக வழியும் தண்ணீரை வாட்டத்தின் போக்கில் வடிகாலுக்கு அனுப்புகின்றன, அவ்வளவுதான். உண்மையான தடுப்பு அடியில், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சில் இருக்கிறது. எதை மூடப் போகிறார்களோ அதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், அதற்குத்தான் அதிகம் செலவிட வேண்டும். டைல்ஸின் நிறம் பிடிக்காவிட்டால் சகித்துக்கொள்ளலாம். அடியில் உள்ள பூச்சில் ஓட்டை விழுந்தால் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டும்.

தாள் தயாரானதும் அதன் பிரதியை மூவரிடமும் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி விலை கேளுங்கள். முடிந்தால் புதிதாக இன்னும் ஓரிருவரிடமும் கேளுங்கள். பொருள் யாருடையது என்பதையும் அதிலேயே முடிவு செய்துவிடுங்கள். கூலி மட்டும் பேசி, பொருளை நீங்கள் வாங்கினால் தரம் உங்கள் கையில். ஆனால் அளவு தவறினாலோ, சாமான் தாமதமானாலோ, வேலை நின்ற நாளின் கூலியும் உங்கள் தலையில்தான் விழும். பொருளோடு சேர்த்துப் பேசினால் அலைச்சல் இல்லை, ஆனால் எந்த நிறுவனம், எந்த ரகம், எந்தக் கனம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். "நல்ல தரமான குழாய்" என்பதற்குப் பொருளே இல்லை. வேலைக்குப் போகும் குடும்பத்தில் இரண்டையும் பிரித்துக்கொள்ளச் சொல்வது என் வழக்கம்: சிமெண்ட், மணல், நீர்த்தடுப்புப் பூச்சு, குழாய், மின்கம்பி இவை ஒப்பந்தக்காரர் பொறுப்பு. டைல்ஸ், பீங்கான் சாமான்கள், குழாய்த் தலைகள் போன்ற கண்ணுக்குத் தெரிபவை வீட்டுக்காரர் பொறுப்பு. டைல்ஸ் வாங்கும்போது அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக, பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஒரே தொகுப்பு எண்ணில் வாங்குங்கள். பின்னால் ஒரு பெட்டி போதாமல் போய் வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது.

விலைகள் திரும்ப வரும்போது மூன்று தொகைகளுக்கும் நடுவில் உள்ள தூரம் சுருங்கியிருக்கும். அப்போதும் ஒன்று பாதியாகவே நின்றால் எந்த வரியில் வித்தியாசம் என்று பாருங்கள். எல்லா வரியிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைவு என்றால், அவரே நேரடியாக வேலை செய்பவராக இருக்கலாம், நடுவில் ஆளில்லாத லாபம் உங்களுக்கு. நீர்த்தடுப்புப் பூச்சிலோ இடிப்பதிலோ மட்டும் பெரிய குறைவு என்றால் அந்த வேலையை அவர் புரிந்துகொள்ளவில்லை, அல்லது செய்யப் போவதில்லை. நஷ்டத்தில் வேலை பிடித்தவர் அந்த நஷ்டத்தை எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். அது மூடப்போகும் இடத்தில்தான் நடக்கும்.

இனி ஆள். "முன்பு செய்த வேலையைக் காட்டுங்கள்" என்றால் எல்லோரும் போன மாதம் முடித்த பளபளப்பான வீட்டைக் காட்டுவார்கள், அல்லது கைபேசியில் படம் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த குளியலறையை. அந்த வீட்டுக்காரரிடம் "திருப்தியா?" என்று கேட்க வேண்டாம், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "வேலை முடிந்த பிறகு ஏதாவது கோளாறு வந்ததா, கூப்பிட்டபோது வந்தாரா?" என்று கேளுங்கள். கோளாறே வராத வேலை அபூர்வம். வந்தபோது திரும்பி வந்து நின்றவர்தான் நமக்கு வேண்டியவர். முடிந்தால் அவர் இப்போது வேலை செய்யும் இடத்தையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். சிமெண்ட் மூட்டைகள் பலகையின் மேல் அடுக்கியிருக்கின்றனவா, ஈரத் தரையில் கிடக்கின்றனவா? பூசிய சுவர் நனைந்திருக்கிறதா, வெயிலில் வெளுத்துக் கிடக்கிறதா? ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொத்தனார் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா? சாரம் கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தாலே தன் ஆட்களின் உயிரை அவர் எவ்வளவு மதிக்கிறார் என்று தெரிந்துவிடும். ஆட்களை மதிக்காதவர் உங்கள் வீட்டையும் மதிக்க மாட்டார். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

பேசும்போது யார் உங்களைக் கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள். தண்ணீர்த் தொட்டி எங்கே, முதன்மை வால்வு எது, கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது, பழைய மின்கம்பிகள் எப்போது போட்டவை, வீட்டில் முதியவர்கள் இருக்கிறார்களா, தரை வழுக்காமல் இருக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்பவர் மனத்தில் வேலையைத் தொடங்கிவிட்டார். டேப்பை விரிக்காமலேயே "எல்லாம் பண்ணிவிடலாம் சார், கவலைப்படாதீர்கள்" என்பவரிடம் கவலைப்படத்தான் வேண்டும். இன்னொன்று, பேச வந்தவரே வேலையில் நிற்பாரா, வேறு யாரையாவது அனுப்புவாரா என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். நாள்தோறும் இடத்தில் இருக்கும் ஒருவரின் பெயர் வேண்டும். மின்வேலைக்கு உரிமம் உள்ளவர்தான் வர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குளியலறை மின்சுற்றுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் ஏற்கெனவே இல்லையென்றால் இந்த வேலையோடு பொருத்திவிடுங்கள். ஈரக் கையோடு நிற்கும் ஒருவரின் உயிரை அது காப்பாற்றும்.

பணம் கொடுப்பதைத் தேதியோடு கட்டாமல் முடிந்த வேலையோடு கட்டுங்கள். முன்பணம் முதல் வாரத்துப் பொருளுக்கும் கூலிக்கும் போதும் அளவு இருந்தால் சரி. பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பவர் உங்கள் பணத்தில் வேறொரு வீட்டு வேலையை முடிக்கப் போகிறார் என்று சந்தேகிக்கலாம். இடித்து வெளியேற்றியதும் ஒரு பகுதி, குழாய் அழுத்தச் சோதனை முடிந்ததும் ஒரு பகுதி, தண்ணீர் தேக்கிப் பார்த்ததும் ஒரு பகுதி, டைல்ஸ் முடிந்ததும் ஒரு பகுதி. கடைசியில் ஐந்து முதல் பத்து சதவீதத்தை நிறுத்தி வைத்து, எழுத்தில் ஒப்புக்கொண்ட காலம் கழித்துக் கொடுங்கள். அதே அளவு முக்கியமானது, கட்டம் முடிந்த அன்றே பணம் கொடுப்பது. மேஸ்திரி அன்றைக்குச் சித்தாளுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். இழுத்தடிக்கும் வீட்டுக்கு நல்ல ஆட்கள் இரண்டாம் முறை வருவதில்லை. உங்கள் கையிலும் மொத்தத் தொகைக்கு மேல் பதினைந்து இருபது சதவீதம் தனியாக இருக்கட்டும். பழைய வீட்டை உடைத்தால் எதிர்பாராதது ஏதாவது வெளியே வரும், துருப்பிடித்த கம்பியாகவோ உளுத்துப்போன குழாயாகவோ. அந்த இருப்பில் நல்ல குழாய்த் தலை வாங்கலாமே என்று ஆசைப்பட வேண்டாம்.

வரிசை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இடிப்பு, கட்டுமானம், குழாயும் மின்கம்பியும், சிமெண்ட் பூச்சு, நீர்த்தடுப்பு, டைல்ஸ், மரவேலை, கடைசியில் பெயிண்ட். ஆனால் காய விடும் நாட்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. புதிய சிமெண்ட் பூச்சைக் குறைந்தது ஒரு வாரம் நனைத்து வைக்க வேண்டும். அதன்பின் பெயிண்ட் அடிக்கும் அளவுக்குக் காய மொத்தம் நான்கு வாரமாவது பிடிக்கும். காயாத சுவரில் பட்டி பார்த்து வண்ணம் பூசினால் சில மாதங்களில் உப்புப் பூத்து உரிந்து வரும், பழி பெயிண்டர் மேல் விழும். ஆகவே விசேஷத்துக்கு முந்தைய வாரம் முடியும்படி நாள் குறிக்காதீர்கள். வீட்டில் இருப்பது ஒரே குளியலறை என்றால் அந்த வாரங்களில் வேறிடம் போய்விடுவதே நல்லது. குழந்தைகள் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உள்ளது. அதை உலர்ந்தபடி தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், அறையை மூடச் சொல்லுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு எங்காவது இருந்தால் அதை உடைக்கவோ துளையிடவோ விடாதீர்கள். அதை அகற்றத் தனிப் பயிற்சி உள்ளவர்கள் வேண்டும்.

வேலை நடக்கும்போது உங்களுக்கு இரண்டே வேலைகள். ஒன்று, மூடுவதற்கு முன் படம் எடுப்பது. காடியில் குழாயும் கம்பியும் போகும் ஒவ்வொரு சுவரையும், தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப்பை விரித்து வைத்து, எண்கள் தெரியும்படி எடுங்கள். நாளை ஒரு கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் இல்லாமல் துளையிட வேண்டாம். இரண்டு, மாற்றங்களை எழுத்தில் வைப்பது. "இந்த அலமாரியைக் கொஞ்சம் நீட்டலாமே" என்று போகிற போக்கில் சொன்னதுதான் கடைசிக் கணக்கில் பெரிய தொகையாக வந்து நிற்கும். சொன்ன அன்றே, என்ன மாற்றம், எவ்வளவு கூடுதல், எத்தனை நாள் தள்ளும் என்று ஒரு செய்தியாக அனுப்பி "சரி" என்ற பதில் வாங்கிய பிறகு செய்யச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியதை மேஸ்திரியிடம் மட்டும் சொல்லுங்கள். கொத்தனாரிடம் ஒன்று, பிளம்பரிடம் ஒன்று என்று வீட்டில் நால்வரும் ஆளுக்கொரு கட்டளை இட்டால் பொறுப்பு யாருடையது என்பதே கரைந்துபோகும்.

முடிந்ததும், கடைசித் தவணைக்கு முன், பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். தரையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி அது எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். டைல்ஸ் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டுங்கள், அடியில் கலவை இல்லாத இடம் பொள்ளென்று ஒலிக்கும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். குறைகளை ஒரே பட்டியலாக எழுதிக் கொடுங்கள், நாளுக்கு ஒன்றாகச் சொல்லி அலைக்கழிக்க வேண்டாம். வால்வுகள் எங்கே, எந்த ரகப் பூச்சு, பெயிண்டின் நிற எண் என்ன என்பதையும் எழுதி வாங்கி, மீந்த டைல்ஸோடு பத்திரப்படுத்துங்கள்.

கீழ் அறைக் கூரையை மட்டும் அப்போதே பூசிவிடாதீர்கள். குளியலறையை ஒரு மாதமாவது வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். பென்சில் கோட்டுக்குள் இருக்கும் ஈரம் முழுவதும் காய்ந்து, புதிதாக எதுவும் படராமல் இருந்தால் அதன் பிறகு உதிர்ந்த பூச்சைச் சுரண்டிச் சரிசெய்து வண்ணம் அடிக்கலாம்.